'திஸ் டைல்ஸ்' இல்லை, 'தீஸ் டைல்ஸ்'

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு சுற்றிக்காட்டுகிறவர்கள், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கிறவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் விளக்கம் சொல்கிறவர்கள் எல்லோரும் தாராளமாக இங்கிலீஷ் பேசுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் 'திஸ் டைல்ஸ் ஆர் ஹேண்ட்மேட்' என்று சொல்லாதீர்கள். தமிழில் ஒரு தூணானாலும் பத்துத் தூணானாலும் 'இந்த' மாறாது, இங்கிலீஷில் மாறும். பக்கத்தில் ஒன்று என்றால் திஸ், பல என்றால் தீஸ். தள்ளி இருந்தால் தட், தோஸ். முகப்பில் நின்று வளவுத் (உள்முற்றத்து) தூண்களைக் கை நீட்டிக் காட்டினால் 'தோஸ் பில்லர்ஸ்', கிட்டே போய்த் தொட்டுக் காட்டினால் 'தீஸ் பில்லர்ஸ்', அவ்வளவுதான். 'தீ'யை நன்றாக நீட்டுங்கள், இல்லையென்றால் சரியாகச் சொன்னாலும் 'திஸ்' என்றுதான் காதில் விழும்.

பழம்பொருள் கடைக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஃபர்னிச்சர். கடை நிறைய நாற்காலியும் அலமாரியும் கிடந்தாலும் அந்தச் சொல்லுக்குப் பன்மை கிடையாது, அதனால் 'தீஸ் ஃபர்னிச்சர்ஸ்' தவறு, 'திஸ் ஃபர்னிச்சர்' சரி. நாற்காலியை மட்டும் காட்டினால் 'தீஸ் சேர்ஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஜுவல்லரி, லக்கேஜ் இரண்டும் ஃபர்னிச்சர் மாதிரிதான். பீப்பிள் இதற்கு நேர் எதிர், கடைசியில் 'ஸ்' இல்லாவிட்டாலும் பன்மை, 'தீஸ் பீப்பிள்' என்றே வர வேண்டும்.

சரி, ஆட்களுக்கு வருவோம். 'திஸ் இஸ் மை அப்பத்தா' என்று அறிமுகம் செய்வதில் தப்பே இல்லை. அதற்கடுத்த வாக்கியத்தில் 'ஷி'க்கு மாறிவிடுங்கள், மறுபடியும் 'திஸ்' போட்டால் அப்பத்தாவை ஒரு பொருளாக்கிவிடுவீர்கள். 'திஸ் மை ஹவுஸ்' என்று இரண்டையும் ஒட்டவும் கூடாது, நடுவில் 'இஸ்' வேண்டும். யாராவது ஒரு கொட்டானை எடுத்து 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்டால் 'இட் இஸ் எ பாம் லீஃப் பாஸ்கெட்' என்று 'இட்' போட்டுச் சொல்வதுதான் இயல்பு, பல இருந்தால் 'தே ஆர்'.

அப்புறம் நேரம். 'டுடே மார்னிங்' நம்மூரில் எல்லோரும் சொல்வது, ஆனால் 'திஸ் மார்னிங்' என்பதே சரி, முன்னால் 'இன்' சேர்க்க வேண்டாம். பழைய கதை சொல்லும்போது மட்டும் அந்த 'இன்' வேண்டும், டேஸ் பன்மை என்பதால் 'தட் டேஸ்' என்றும் வராது: 'இன் தோஸ் டேஸ், டீக் கேம் ஃப்ரம் பர்மா.'