காலியாகத் திரும்பிய விமானம்

சென்னையில் ஆறு இருக்கை ஜெட் ஒன்றை வாடகைக்கு விட்டு வந்தேன். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) அனுமதி, விமானிகள், பராமரிப்பு எல்லாம் சரி, சவாரிக்கும் குறைவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

ஓர் இரவு பயணப் பதிவேட்டை எடுத்து, ஆள் ஏறிய மணிகளை நீல மையிலும் காலியாகப் பறந்தவற்றைச் சிவப்பிலும் குறித்தேன். பக்கத்தில் பாதி சிவப்பு! மதுரையில் ஆளை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பியவைதான் அத்தனையும். எரிபொருள், தரையிறங்கும் கட்டணம் அதற்கும் உண்டே.

அப்புறம், விலை சொல்லும்போதே திரும்பும் மணியையும் சேர்த்தேன். காலிப் பயணத்தைப் பாதி விலைக்கு முகவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முந்தைய நாளே போட்டேன். விற்றுப்போனால், போகும்போது ஏறிய வாடிக்கையாளரின் பில்லிலும் ஒரு பங்கைக் கழித்தேன். அந்த வாடிக்கையாளர்களே எனக்கு ஆள் சொல்லத் தொடங்கினார்கள். நான்காம் மாதம் கணக்கு நிமிர்ந்தது.