தாயில்லாப் பூனைக்குட்டிகளைக் காப்பகத்துக்காக வீட்டில் வளர்ப்பது எப்படி?

விலங்குக் காப்பகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் பழைய போர்வையோ ஒரு மூட்டைத் தீவனமோ எடுத்துக்கொண்டு போவோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் அங்கே உண்மையில் ஆள் கிடைக்காமல் திண்டாடுவது பால்குடி மறக்காத பூனைக்குட்டிகளுக்குத்தான். ராத்திரியிலும் எழுந்து எழுந்து பால் கொடுக்க ஆள் வேண்டும், பல காப்பகங்களில் இரவில் யாரும் தங்குவதே இல்லை. நாலைந்து வாரம் வீட்டில் வைத்து வளர்த்துத் திருப்பிக் கொடுக்க நீங்கள் தயார் என்றால் மேலே படியுங்கள்.

எடுப்பதற்கு முன்

தெருவில் குட்டிகளைப் பார்த்ததும் தூக்கிவிடாதீர்கள். சுத்தமாக, வயிறு நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்குகிறதென்றால் தாய் இரை தேடப் போயிருக்கிறது, மணிக்கணக்கில்கூட வராது. தள்ளி நின்று பாருங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சும்மா. அழுக்காக, விடாமல் கத்திக்கொண்டு, உடம்பு குளிர்ந்து கிடந்தால் மட்டும் உடனே எடுங்கள்.

காப்பகத்திடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுங்கள்: மருத்துவச் செலவு யாருடையது, நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது. வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் வேறு பூனை இருந்தால் முதல் இரண்டு வாரமாவது தனி அறை, தனித் துணி.

சூடு, அப்புறம்தான் பால்

புதிதாக வருகிற எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், நானும் இங்கேதான் தடுமாறினேன். குட்டி கத்துகிறது, பசி என்று நினைத்துப் பாட்டிலை நீட்டுகிறோம், அது வாயைத் திறக்க மறுக்கிறது. பாலை மாற்றிப் பார்க்கிறோம், நிப்பிளை மாற்றிப் பார்க்கிறோம். விஷயம் பாலில் இல்லை. பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது, உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளவும் முடியாது. உடல் குளிர்ந்துவிட்டால் குடலும் வேலை செய்யாது, கொடுத்த பால் செரிக்காமல் அப்படியே தேங்கி நிற்கும். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுப்பது பட்டினி போடுவதைவிட ஆபத்து.

சோதித்துப் பார்க்க எளிய வழி: சுண்டுவிரலைக் கழுவித் துடைத்து வாய்க்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருந்து, விரலைச் சப்ப ஆரம்பித்தால் பால் கொடுக்கலாம். சில்லென்று இருந்தால் துணி சுற்றிய வெந்நீர்ப் பையின் பக்கத்தில், அல்லது உங்கள் மார்போடு அணைத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையரை நேராக அடிக்காதீர்கள். பெட்டியில் பாதிக்கு மட்டும் சூடு இருக்கட்டும், அதிகமாகிவிட்டால் குட்டி தானாக மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். முதல் வாரம் அந்தச் சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுமேல் இருந்தால் நல்லது.

பால்

பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால்மாவு வாங்குங்கள், அளவு டப்பாவில் இருக்கும். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, போகப்போக இடைவெளியைக் கூட்டலாம்.

புது நிப்பிள் பலவற்றில் ஓட்டை இருக்காது, நாமேதான் போட வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஊற்றினால் ஓட்டை பெரிது, அந்த நிப்பிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் பாட்டிலைவிட சிரிஞ்சின் முனையில் மாட்டுகிற சிறிய சிலிக்கோன் நிப்பிள்தான் மேல், எத்தனை மில்லி போனது என்று கண்ணெதிரே தெரியும். ஆனால் நாம் அழுத்தித் தள்ளக் கூடாது, அது உறிஞ்சுகிற வேகத்துக்கு விட வேண்டும்.

கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கவே கூடாது. வயிறு தரையில் பட, தலை லேசாகத் தூக்கியபடி இருக்கட்டும், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குப் போகும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு மூச்சில் சத்தம் கேட்டால் மருத்துவரிடம்தான்.

குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தடவுங்கள். சுமார் மூன்று வாரம் வரை தானாக மூத்திரம் போகத் தெரியாது, தாய் நக்கிவிடுவதைத்தான் நாம் செய்கிறோம்.

தராசு

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் கிராம் காட்டுகிற டிஜிட்டல் சமையல் தராசை வாங்குங்கள். பிறக்கும்போது 100 கிராம் போல இருக்கும், தினமும் ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஒருநாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள், இறங்கினால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிற குட்டிகூடத் தராசில் குறைந்திருக்கும்.

பிறகு சேர்த்தது

பால் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் மலம் போகவில்லையே என்று பலர் கேட்டுவிட்டார்கள். பால் மட்டும் குடிக்கிற குட்டி நாளுக்கு ஒருமுறை போனாலே போதும். மூத்திரம்தான் ஒவ்வொரு முறையும் வர வேண்டும், அதுவும் வெளிர் நிறத்தில். அடர் மஞ்சளாக வந்தால் நீர்ச்சத்து போதவில்லை.

இன்னொன்று, கூடப்பிறந்த குட்டியின் பின்பக்கத்தைச் சப்புகிற பழக்கம். தாயில்லாக் குட்டிகளுக்கு இது சகஜம், ஆனால் விட்டால் வீங்கி மூத்திரப் பாதையே அடைத்துவிடும். அப்படிச் சப்புகிறதைத் தனிப் பெட்டியில், துணிப் பொம்மை ஒன்றோடு வையுங்கள். பால் கொடுக்கும்போதும் உங்கள் கண் முன்னாலும் மட்டும் ஒன்றுசேரட்டும். வீக்கம் தெரிந்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் காப்பகத்துக்கு போன் செய்யுங்கள்.