கிளிஞ்சலைச் சாயங்காலம் கொடுத்துப் பாருங்கள்

அக்னி நட்சத்திரம் தொடங்கினால் கடலூர்ப் பக்கம் முட்டைப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரே புலம்பல்தான். அட்டையில் அடுக்கும்போதே முட்டை கீறல் விடும். எங்கள் கொட்டகையிலும் போன கோடையில் இதே கதை. தீவனத்தில் சுண்ணாம்புத்தூளைக் கூட்டிப் பார்த்தேன், பெரிதாகப் பலன் இல்லை.

விஷயம் அளவில் மட்டும் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரு முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. மத்தியானம் தின்ற பொடி அதற்குள் கரைந்து போய்விடும். அப்புறம் கோழி தன் எலும்பிலிருந்துதான் கால்சியத்தை எடுக்கும். அதனால் கிளிஞ்சலை 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாக உடைத்து, கோழிக்கு 3 கிராம் கணக்கில் சாயங்காலத் தீவனத்தின் மேல் தூவுங்கள். அது அரைவைப்பையில் தங்கி விடிய விடிய கரையும். அதே அளவுக்குத் தீவனத்தில் பொடியைக் குறைத்துவிடுங்கள். நம் ஊரில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்! ஆனால் உப்புப் போகக் கழுவிக் காயவைத்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

வாயைத் திறந்து இரைக்கிற கோழிக்கு ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட் ரத்தத்தில் குறையும், ஓடும் மெலியும். ஆகவே தீவனத்தை விடியற்காலையும் மாலையும் போடுங்கள், தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் கட்டுங்கள். இன்னொன்று: கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். மின்விசிறி ஓடாமல் நீர்த்தெளிப்பானை மட்டும் திறந்துவிட்டால் புழுக்கம்தான் கூடும்.