கேட்டை மறித்து நிற்கும் வண்டி: நம் பக்கம் நடக்கும் தவறுகள்

அவசரமாகக் கிளம்பும்போது பார்த்தால் கேட்டுக்கு நேராக ஒரு கார் நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை. அடுத்த 10 நிமிடத்தில் கோபத்தில் செய்கிற காரியம்தான் பல சமயம் வழக்கையே தலைகீழாக்கிவிடுகிறது. வண்டியை நிறுத்தியவர் சண்டை போட வருவார், நாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்போம்.

தெருவையும் கேட்டையும் குழப்பிக்கொள்வது

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான். வீட்டு முன்னால் இருக்கும் பொதுத்தெரு வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. வரி கட்டுகிறோம், தினமும் நாம்தான் கூட்டிப் பெருக்குகிறோம் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அதனால் உரிமை வந்துவிடாது. உங்கள் வண்டி உள்ளே போகவும் வெளியே வரவும் வழி வேண்டும் என்று கேட்கலாம். பொதுவாக விதிகள் காப்பாற்றுவது அந்த வழியைத்தான். மதில் ஓரமாக, தடை இல்லாத இடத்தில் நிற்கும் வண்டி உங்கள் கண்ணை உறுத்தலாம், அதற்காக அது தவறாகிவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் புகாராகச் சொல்பவரின் உண்மையான புகாரும் எடுபடாமல் போகும்.

எந்த வண்டி மறிக்கிறது என்று பார்க்காமலே சத்தம் போடுவது

கேட்டை ஒட்டி நிற்பதுதான் எப்போதும் தடை என்றில்லை. ஒரு கணக்கு பாருங்கள். தெரு அகலம் 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி. எதிர்ப்பக்கம் ஒரு கார் நின்றால், கண்ணாடியும் ஓர இடைவெளியும் சேர்ந்து ஏறக்குறைய 2 மீட்டர் போய்விடும். மிச்சம் 4 மீட்டர். உங்கள் காரின் நீளமும் ஏறக்குறைய அதேதான். நேராக ரிவர்ஸ் எடுத்தால், முன்பகுதி கேட்டைத் தாண்டும்போதே வால் எதிர்க் காரை முட்டும். ஆகவே வண்டி பாதி உள்ளே இருக்கும்போதே ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். ஒடித்தால் வால் இடப்பக்கம் போக, மூக்கு வலப்பக்கத் தூணை நோக்கி வீசும். இடப்பக்கத் தூணை ஒட்டி இன்னொரு கார் நின்றால் வாலைத் திருப்பவே இடமில்லை.

இந்த இரண்டில் ஒன்று நகர்ந்தாலே போதும். எதிர்க் கார் 2 மீட்டர் தள்ளிப் போனால் வேலை முடிந்தது. “எல்லாரும் எடுங்க” என்று தெருவே கேட்கக் கத்துவதைவிட, “கொஞ்சம் முன்னால தள்ளி நிறுத்துறீங்களா, எனக்குத் திருப்ப இடம் கிடைச்சிரும்” என்று ஒருவரிடம் கேட்பது சீக்கிரம் பலிக்கும். இரவு வீடு திரும்பும்போதே ரிவர்ஸில் உள்ளே விட்டு வைத்தால், காலையில் தெருவைப் பார்த்தபடி முன்னோக்கி வரலாம். பாதித் தலைவலி அங்கேயே குறையும்.

கல், பூந்தொட்டி, பழைய டயர்

இடம் பிடிக்க இவற்றைத் தெருவில் வைப்பது பலருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. தெருவிளக்கு அணைந்த இரவில் இருசக்கர வண்டிக்காரர் ஒருவர் அந்தக் கல்லில் மோதி விழுந்தால், வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். புகாரை விசாரிக்க வரும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவதும் உங்கள் கல்தான். தெருவில் நீங்களே மஞ்சள் கோடு போட்டுக்கொள்வதும் இதே ரகம். கேட்டின் மேலும் உங்கள் மதில் மேலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

வண்டியில் கை வைப்பது

டயரில் காற்றைப் பிடுங்குவது ரொம்ப நாளாக நடக்கிற வைத்தியம். யோசித்தால் முட்டாள்தனம்: போக வேண்டிய வண்டியை நாமே போகவிடாமல் செய்கிறோம். உரிமையாளர் வந்த பிறகும் பம்ப் தேடி, ஸ்டெப்னி மாட்டி, இன்னும் ஒரு மணி நேரம் அது நம் கேட்டு முன்னால்தான் நிற்கும். காற்றில்லாமல் ஓட்டிப் போனால் டயரின் பக்கச் சுவர் நசுங்கிப் பாழாகும், அந்தச் செலவு நம் தலையில் விழும்.

நாலு பேர் சேர்ந்து தள்ளுவதும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் காரை ‘பி’யில், அதாவது பார்க்கிங் நிலையில் விட்டிருந்தால் கியர்பாக்ஸுக்குள் ஒரு கொக்கி பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், பலத்தைக் காட்டினால் உடைவது அதுதான். ஹேண்டில் லாக் போட்ட பைக்கை இழுத்தால் வட்டமடிக்கும், சைடு ஸ்டாண்ட் மடங்கி உங்கள் காலிலேயே சாயும், அப்போதுதான் வந்து நின்றதென்றால் சைலன்சரும் சுடும். கண்ணாடியில் பசை போட்டுத் தாள் ஒட்டுவதும், வைப்பரை மடக்குவதும் சேதக் கணக்கில்தான் வரும். பழிக்குப் பழியாக அவர் வண்டிக்குப் பின்னால் நம் வண்டியை நிறுத்தி மடக்கினால், தெருவை அடைத்த குற்றம் நமக்கும் சேரும்.

திட்டி எழுதுவது

சீட்டு எழுதி வைப்பது நல்ல வழிதான். ஆனால் “அறிவிருக்கா?” என்று தொடங்கும் சீட்டைப் படித்தவர் நாளைக்கும் அங்கேயேதான் நிறுத்துவார். தேதி, நேரம், என்ன நடந்தது, என்ன வேண்டும் என்ற நான்கே விஷயம் போதும்: “12-ம் தேதி காலை 7.15 முதல் 8 வரை கேட் மறிக்கப்பட்டதால் காரை எடுக்க முடியவில்லை. தயவுசெய்து தூணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.” மை பேனா ஈரத்தில் கரையும், பால்பாயின்ட்டில் எழுதி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஓட்டுநர் பக்க வைப்பருக்கு அடியில் செருகுங்கள்.

பயன்படாத புகைப்படம்

நம்பர் பிளேட்டை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தில் வண்டி எங்கே நின்றது என்றே தெரியாது. முதல் படம் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து: கேட், வீட்டு எண், வண்டி மூன்றும் ஒரே ஃப்ரேமில். இரண்டாவது நம்பர் பிளேட். மூன்றாவது, தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, டேப்பை விரித்து வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. 15 நிமிடம் கழித்து முதல் படத்தையே மறுபடி எடுங்கள், சும்மா ஒரு நிமிடம் நிறுத்தினேன் என்ற பேச்சுக்கு அது பதில். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே பதிவான நேரமும் இடமும் அழிந்துவிடும். மூலப் படத்தைப் போனில் வைத்திருங்கள், அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். தெருக் குழுவில் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். வண்டி இரவல் வாங்கியதாக இருக்கும், அவமானப்படுவது வேறு ஒருவராக இருக்கும்.

புகாரை மொட்டையாகச் சொல்வது

போலீஸுக்குப் போன் போட்டு “வீட்டு முன்னாடி வண்டி நிறுத்தியிருக்காங்க” என்றால் எதிர்முனையில் அதை அவசரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். “வண்டி உள்ளே மாட்டிக்கிச்சு, வெளியே எடுக்க வழியில்லை, 40 நிமிஷமா ஆள் வரலை” என்பதுதான் புகார். முகவரி, பக்கத்து அடையாளம், வண்டி எண், நிறம், நின்ற நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். நீங்களே தனியார் இழுவை வண்டியை வரவழைக்காதீர்கள், பொதுத்தெருவில் அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை.

கேட்டே தெரியாமல் இருப்பது

துருப்பிடித்த கேட், மேலே படர்ந்த கொடி, முன்னால் குவிந்த சருகு என்றிருந்தால் அதை யாரும் திறப்பதில்லை என்றுதான் ஓட்டுநர் நினைப்பார். “நோ பார்க்கிங்” பலகை எல்லார் வீட்டிலும் தொங்குவதால் யாரும் படிப்பதில்லை. “24 மணி நேரமும் கார் வந்துபோகும் வழி” என்பது வேலை செய்யும், காரணம் அதிலேயே இருக்கிறதே. காரில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். பலகை அந்த உயரத்தில், எழுத்து குறைந்தது 5 செ.மீ., இரவில் ஒளிரும் ஸ்டிக்கரில் இருக்கட்டும். நகர்த்தித் திறக்கும் கேட்டின் மேல் மாட்டினால் திறந்தவுடன் பலகை மறைந்துவிடும், தூணில் மாட்டுங்கள்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மல்லுக்கட்டுவது

தினமும் வேறு வேறு வண்டி, ஆனால் ஒரே நேரம் என்றால், பக்கத்தில் இருக்கும் டியூஷன், ஜிம், கிளினிக், மண்டபம் எதுவோ அந்த வண்டிகளை இழுத்து வருகிறது. ஓட்டுநர்கள் மாறுவார்கள், நடத்துபவர் மாறமாட்டார். ஒரு வாரத்துக்கு நேரமும் வண்டி எண்ணும் குறித்துக்கொண்டு, கூட்டம் இல்லாத வேளையில் அவரிடம் போங்கள். “உங்களிடம் வருபவர்களை அந்த இரண்டு தூணுக்கு நடுவில் மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று இடத்தைக் கையால் காட்டிக் கேளுங்கள். தன் வாசலில் ஒரு அறிவிப்பை ஒட்ட அவருக்கு 5 நிமிடம் ஆகாது.