‘யோசனை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: இங்கிலாந்தில் மனநல உதவி பெறுவது

இங்கிலாந்துக்கு வந்த கிழமையே, உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே, வீட்டுக்குக் கிட்ட உள்ள ஜீபி (குடும்ப டாக்டர்) சர்ஜரியில், அதாவது அவருடைய நிலையத்தில், பதிந்துவிடுங்கள். மனநலச் சேவைகளில் பெரும்பாலானவை அந்தப் பதிவைத்தான் முதலில் கேட்கும். பதிவதற்கான ஜிஎம்எஸ்1 படிவம் போதும். பல இடங்களில் ஒன்லைனிலும் பதியலாம். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று எதுவும் கட்டாயமில்லை. அகதிக் கோரிக்கை முடிவாகாதவரும் விசா முடிந்தவரும் பதியலாம், ஜீபியைப் பார்க்கக் காசும் இல்லை. கவுன்டரில் இருப்பவர் இந்த விதி தெரியாமல் “கரண்ட் பில் கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அப்படியென்றால் பிராக்டிஸ் மனேஜரைக் கேளுங்கள், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டதும் பெரும்பாலும் படிவம் வந்துவிடும்.

டாக்டரிடம் கிடைப்பது சுமார் பத்து நிமிடம். நம்மவர்கள் அதில் எட்டைத் தலையிடிக்கும் நெஞ்சு எரிவுக்கும் கொடுத்துவிட்டு, எழும்பும்போது “கொஞ்சம் யோசனை” என்பார்கள், மனக்கவலை என்ற பொருளில். உரைபெயர்ப்பில் அது ‘திங்கிங்’ என்று போகும். ஆங்கிலக் காதுக்கு அது ஒரு வருத்தமே இல்லை. பரசிட்டமோலோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே யோசனைக்குள் என்ன இருக்கிறது என்பதை உடைத்து, முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்: “மனம் சரியில்லை. மூன்று கிழமையாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, பிறகு நித்திரை இல்லை. அடுப்படியில் நின்று அழுகிறேன். நாலு நாள் வேலைக்குப் போகவில்லை.” எத்தனை நாளாக, எவ்வளவு, எதைச் செய்ய முடியாமல் போனது என்ற மூன்றையும் துண்டில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. “செத்துப்போகலாம் போல இருக்கு” என்பதை நாம் சும்மாவும் சொல்வோம், உண்மையாகவும் சொல்வோம். எது என்று நீங்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். செய்வினை, காத்துக்கறுப்பு என்று வீட்டில் பேசுகிறார்கள் என்றால், அது ஊரில் பலரும் நம்புவதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விளக்கமில்லாமல் சொன்னால் அதுவே நோய்க்குறியாக எழுதப்படலாம்.

உரைபெயர்ப்பாளர் இலவசம், ஆனால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்க வேண்டும். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, ஆணா பெண்ணா என்பதையும் சொல்லலாம். ஊர்க்காரர் யாரும் வந்துவிடுவாரோ என்று பயமென்றால் தொலைபேசி உரைபெயர்ப்பு கேளுங்கள். பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவள் முன்னால் நீங்கள் உண்மை சொல்லமாட்டீர்கள். சொன்னால் அது அவள் தலையில் ஏறும்.

மனச்சோர்வு, பதற்றம் என்றால் ஜீபி கடிதம் இல்லாமலே, பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் ‘என்எச்எஸ் (அரச சுகாதாரச் சேவை) டோக்கிங் தெரபீஸ்’ சேவைக்கு நீங்களே ஒன்லைனிலோ போனிலோ பதியலாம். முதல் அழைப்பில், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் வரும். கடந்த இரண்டு கிழமையை மட்டும் நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் அதிகபட்சம் 27; 10-உம் அதற்கு மேலும் வந்தால் சிகிச்சை தேவைப்படும் அளவாகக் கொள்கிறார்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. பொலிஸ் வரும், பிள்ளைகளைப் பறிப்பார்கள் என்று பயந்து பலர் அங்கே 0 போடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்து வருவது இன்னும் சில கேள்விகள்தான்: எவ்வளவு அடிக்கடி, திட்டம் ஏதும் உண்டா, உங்களைத் தடுத்து வைத்திருப்பது எது. உயிருக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் தவிர, நீங்கள் சொல்வது வீட்டில் உள்ளவர்களுக்கோ வேலைத்தலத்துக்கோ போகாது.

யுத்தம், தடுப்புமுகாம், சித்திரவதை நினைவுகள் வதைக்கின்றன என்றால் முதல் அழைப்பிலேயே அதைச் சொல்லுங்கள், விவரம் வேண்டாம். சொல்லாவிட்டால் நீங்களே செய்து பார்க்கும் ஆங்கிலத்திலுள்ள மனநலப் பயிற்சிப் புத்தகமும் கிழமைக்கு அரை மணி போனும் என்ற வழியில் விடுவார்கள். சொன்னால் அதிர்ச்சி நினைவுகளுக்கான சிபிடி, இஎம்டிஆர் போன்ற உளச்சிகிச்சைகளுக்கு அனுப்ப வாய்ப்புண்டு. அதற்குக் காத்திருப்பு கூட, ஆனால் பொருந்துவது அதுதான்.

பலர் தவறிப்போவது சிகிச்சையில் அல்ல, போனில். இந்தச் சேவைகளின் அழைப்பு பெரும்பாலும் எண் காட்டாமல் வரும். ‘விளம்பரக்காரன்’ என்று விட்டுவிடுவோம். இரண்டு தடவை எடுக்காவிட்டால் அவர்கள் உங்கள் பதிவையே மூடிவிடக்கூடும். “விருப்பமா, தெரிவியுங்கள்” என்று வரும் கடிதத்துக்குப் பதில் போடாதவருக்கும் இதே கதி. அறை மாறினால் முகவரியை அன்றே மாற்றுங்கள்.

குரல் கேட்பது, கடும் சந்தேகம், நாட்கணக்கில் நித்திரையில்லாமல் துள்ளுவது போன்றவற்றை ஜீபி சமூக மனநலக் குழுவுக்கு அனுப்புவார். அங்கே மனநல மருத்துவர், தாதி, சமூகப் பணியாளர் எல்லோரும் உண்டு; தாதி வீட்டுக்கும் வருவார். பராமரிப்புத் திட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். குழு உங்களை விடுவிக்கும்போது, மறுபடி குணம் மாறினால் யாருக்குப் போன் அடிப்பது என்று எழுதி வாங்காமல் வராதீர்கள். வைத்தியசாலையில் மனநலச் சட்டத்தின் பிரிவு 2-இன் கீழ் மறித்து வைத்தால் அது அதிகபட்சம் 28 நாள். முதல் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு முறையிடலாம், வக்கீல் இலவசம்.

மனச்சோர்வுக்கான குளிசைகளில் செர்ட்ரலீன்தான் அதிகம் எழுதப்படுவது. வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராமில் தொடங்கும். முதல் இரண்டு கிழமை வயிறு குழம்பும், படபடப்புக் கூடவும் செய்யும். நன்மை தெரிய நாலு முதல் ஆறு கிழமை ஆகலாம். பத்தாம் நாள் “சரிவரவில்லை” என்று எறிவதும், சுகமானதும் ஒரேயடியாக நிறுத்துவதும்தான் நம்மவர் அடிக்கடி விடும் பிழைகள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் எடுக்கச் சொல்வார்கள். மருந்துச்சீட்டுக்கு 2025-இல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண், எச்சி2 (மருத்துவச் செலவு விலக்கு) சான்றிதழ் உள்ள அகதிக் கோரிக்கையாளருக்கு இலவசம்.

நெருக்கடியில் என்எச்எஸ் 111-க்குப் போன் அடித்து 2-ஐ அழுத்துங்கள். இரவு பகல் எந்நேரமும் மனநல ஆட்கள் எடுப்பார்கள். “டமில் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்” என்று மட்டும் சொல்லி லைனில் நில்லுங்கள். இடையில் வரும் அமைதியைப் பார்த்து வைத்துவிடாதீர்கள், ஆள் தேடுகிறார்கள். குளிசைகளைக் கூடுதலாக விழுங்கிவிட்டால் 111 வேண்டாம், நேரே 999 (அம்புலன்ஸ்). வெறும் அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்பது எது, எத்தனை, எத்தனை மணிக்கு என்பதைத்தான்.