சுற்றுலா நிறுவனம் சொன்னபடி நடக்காவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

முன்பணம் கட்டுவதற்கு முன்பு, பயணத் திட்டத்தில் ‘மூன்று நட்சத்திர விடுதி அல்லது அதற்கு இணையானது’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரியைக் காட்டியே எந்த விடுதியிலும் தங்கவைத்துவிடலாம் என்பதால், ஊர்வாரியாக விடுதியின் பெயர், அறை வகை, எத்தனை வேளை உணவு, நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு என்பவற்றை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். முகவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

பயணத்தின்போது விடுதி மாறினாலோ, ஓரிடம் விடுபட்டாலோ, அன்றைக்கே குழு மேலாளருக்குச் செய்தி அனுப்பி, அறையையும் பெயர்ப்பலகையையும் படமெடுத்து வைக்க வேண்டும். வரவேற்பறையில் போட்ட சண்டை ஆவணமாகாது. ஊர் திரும்பியபின் நிறுவனம் சிறு தொகையைக் கொடுத்து, ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளை நீட்டினால், மீதியைக் கேட்கும் எண்ணம் உள்ளவர்கள் அதில் கையெழுத்திடக் கூடாது.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். ஆனால் அது சமரசத்துக்கான வழியே தவிர, அங்கே தீர்ப்பு கிடைக்காது. தீர்ப்பு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்தில்தான் புகார் செய்ய வேண்டும்.

ரசீதின் அடியில் ‘வழக்குகள் டெல்லி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை’ என்று பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டு பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் செய்ய வழிவிடுகிறது. ஆகவே திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே நாடலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும், 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், நேரிலோ இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ புகார் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட விரும்பினால், அதற்கு மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். போட்ட பணத்தை மீட்பதுதான் நோக்கமென்றால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுப்பதே எளிது. ஆணைக்கு நிறுவனம் பணியாவிட்டால் 72ஆம் பிரிவின்கீழ் மீண்டும் மனுச் செய்யலாம். 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு.