டோலமைட் கோபுரங்களில் 3, 4ஆம் தரப் பாதைகள்: பாறைத் துளையில் ஸ்லிங் (நாடா வளையம்) கோர்ப்பது எப்படி

இத்தாலியின் சிங்க்வே தோர்ரி, செல்லா கணவாய்க் கோபுரங்களில் யுஐஏஏ (சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு) அளவையில் 3, 4ஆம் தரப் பாறையேற்றப் பாதைகள் நிறைய உண்டு. பிலே செய்யவும் (ஏறுபவரைக் கயிற்றால் காக்கவும்) கயிற்றில் இறங்கவும் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. இந்தத் தரங்கள் சுலபம் என்றால் கைப்பிடிகள் பெரியவை, அவ்வளவே. பாறையில் துளையிட்டுப் பொருத்திய போல்ட் வரிசையை எதிர்பார்க்காதீர்கள்.

சாமான்: 60 மீட்டர் ஹாஃப் ரோப் (ஜோடியாகப் பயன்படும் மெல்லிய கயிறு) இரண்டு, நட் (விரிசலில் செருகும் உலோக ஆப்பு) ஒரு செட், நடுத்தர கேம் (விரிசலில் விரிந்து பிடிக்கும் கருவி) நாலு, 60 செ.மீ. ஸ்லிங் எட்டு, 120 செ.மீ. நாலு, ஹெல்மெட். இதற்கு மேல் கேம் சுமப்பது வீண். ஸ்லிங் மெல்லிய டைனீமாவாக இருக்கட்டும். தடித்த நைலான் பல துளைகளில் நுழையாது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள் உள்ளே ஒன்று சேர்ந்தால், நடுவில் இடை சிறுத்த தூண் ஒன்று மிஞ்சும். இத்தாலியர் இதை க்ளெஸ்ஸித்ரா, அதாவது மணற்கடிகாரம் என்பார்கள். இதில் ஸ்லிங் கோர்க்கும் முறை:

1. மணிக்கட்டை விட மெலிந்த தூண் வேண்டாம். உள்ளங்கையால் தட்டுங்கள். பொள்ளலாக ஒலித்தாலோ, அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள்.

2. ஸ்லிங்கை ஒரு துளையில் தள்ளி, மறு துளை வழியே நட் கழற்றும் கொக்கியால் இழுங்கள்.

3. இரு முனைகளையும் ஒரே கேரபினரில் (திறந்து மூடும் உலோக வளையம்) மாட்டுங்கள். சுருக்குப் போட்டால் ஸ்லிங்கின் பலம் குறையும்.

4. பலரும் தவறுவது இங்கேதான். கோர்த்தாயிற்று என்ற நிம்மதியில் குட்டை ஸ்லிங்கை விறைப்பாக மாட்டிவிடுவார்கள். ஸ்லிங்கின் இரு கால்களும் 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றிலும் முழுப் பாரமும் விழும். 60 டிகிரிக்குள் அடங்கும்படி நீளமானதைப் போடுங்கள்.

முன்னால் போனவர்கள் துளையில் விட்டுப்போன கயிறு ஏற்கெனவே தொங்கினால், அதைச் சுற்றித் திருப்பி, பாறைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். வெளியே சாயம் போயிருக்கும், உள்ளே பாதி அறுந்திருக்கும். சந்தேகமானால் உங்களுடையதைக் கோர்ப்பதே மேல்.

பழைய பிட்டானை (பாறை விரிசலில் அடித்த இரும்பு ஆணி) கேரபினரால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் அதை நம்பாதீர்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிட்டானின் துளையில் மாட்டாமல், பாறையை ஒட்டி ஸ்லிங் கட்டுங்கள்; நெம்புவிசை குறையும்.

பாதை வளைந்து போகும் இடத்தில் 60 மீட்டரையும் ஒரே மூச்சில் ஏறாதீர்கள். கயிறு உரசி உரசிக் கடைசியில் கல்லாய்க் கனக்கும். 25, 30 மீட்டரில் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: "பிட்டான் இருந்ததால் அந்தப் பக்கம் போனோம், வழி தவறியது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஒற்றைப் பிட்டானில் கேரபினர் விடப்பட்டிருந்தால், முன்னால் போனவர் அங்கிருந்து திரும்பி இறங்கியிருக்கலாம். கை கால் பட்டு வழவழத்த பாறையைத் தேடுங்கள். அது வழுக்கும், ஆனால் வழி அதுதான்.